அகழி தாண்டாத குதிரை வீராங்கனை

1

செய்யாற்றிலிருந்து பெங்களூரு வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம் முடிகிறது. "என்னமோ அமெரிக்கா போன மாதிரி பேசறா, காலையில பஸ் ஏறினா மத்தியான சோத்துக்குப் போய் இறங்கிடலாம்" என்று ஊரில் நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் இங்கே வந்து ஒரே ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள். வீட்டில் பேசும் மொழி என்று ஒரு கேள்வி இருக்கும். கன்னடம், இந்தி, ஆங்கிலம், இதர என்று நான்கு கட்டங்கள் இருக்கும். பத்து வருஷமாக நான் 'இதர'வில் டிக் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து வருஷக் கணக்கைக் கொண்டாட என் கணவர் சேகர் போன வாரம் கேக் வாங்கி வந்தார். அவர் இங்கே ஜோகுபாளையத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அங்கேயே பிறந்தவர். கன்னடத்தில் சண்டை போட்டு, உருதுவில் சமாதானமாகி, தமிழில் என்னிடம் வந்து அதைச் சொல்லிச் சிரிக்கிற ஆள். அவருக்கு இது சொந்த ஊர், எனக்கு மட்டும் இன்னும் வந்த ஊர். லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். அவர் டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கிறார். நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். விடிந்தால் ரத்தம் எடுப்பதும், பொழுது சாய்ந்தால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதும்தான் என் பிழைப்பு.

கேக் வெட்டக் கத்தியை எடுத்துவந்தபோதுதான் மகளின் பள்ளிப் பையில் அந்தத் தாளைப் பார்த்தேன். மகள் பெயர் தாரிணி, வீட்டில் தாரு. நாலு வயது. பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை மாற்றிக் கட்டிய ப்ரீ-ஸ்கூலில் படிக்கிறாள். அந்த வயதில் படிப்பதாவது என்று கேட்காதீர்கள், இங்கே அப்படித்தான் சொல்ல வேண்டும்.

தாளில் பன்னிரண்டு கட்டங்கள். பதினொன்றில் பச்சை நட்சத்திரம். ஒன்றில் மட்டும் ஆரஞ்சு முக்கோணம். அதற்கு நேராக ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'உடல் அசைவுகளை வரிசையாகச் செய்வதில் தடுமாற்றம். ஓட்டத்தின் நடுவில் நின்றுவிடுகிறாள். திரும்பத் திரும்பத் தரையை நோக்கிக் குனிகிறாள். நிபுணரிடம் காட்டும்படி பரிந்துரைக்கிறோம். அதுவரை ஓடும் குழுவில் சேர்க்காமல் உதவிக் குழுவில் வைக்கிறோம். இந்தக் குறிப்பு எல்.கே.ஜி. கோப்பிலும் இடம்பெறும்.'

எனக்கு வந்த கோபத்தில் கத்தியைக் கையில் வைத்திருப்பதே மறந்துவிட்டது. சேகர்தான் மெதுவாக வாங்கி வைத்தார். தாளில் தடுமாறுகிற குழந்தை அந்த நிமிஷம் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? மாப் குச்சியைக் குதிரையாக்கிக்கொண்டு, சோபாவிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து ஸ்டூலுக்கும் தாவிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரம்மா வந்து 'மேலே என்ன இடிக்கிறீர்கள்' என்று கேட்கிற அளவுக்குத் தாவுகிற பெண்ணுக்கு அசைவில் தடுமாற்றமாம்.

2

மாப் குச்சிக் குதிரை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் ஒரு மாதமாக 'குட்டி நைட்ஸ்' நடந்துகொண்டிருந்தது. நைட் என்றால் ஐரோப்பாவில் ராஜாக்கள் காலத்தில் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு குதிரையில் திரிந்த வீரன். தாரு முதல் நாள் வந்து "அம்மா, நான் நைட்டு" என்றபோது, "ஷிப்டு மாத்திட்டாங்களா மேடம்?" என்று சேகர் கிண்டலடித்தார்.

மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு உடம்பை வளைக்கப் பழக்குகிற விளையாட்டு அது. பழைய அட்டைப் பெட்டிகளில் கவசம். சாக்ஸில் பஞ்சு அடைத்து, பட்டன் கண் தைத்து, குச்சியில் மாட்டிய குதிரை. வீட்டின் பின்புற முற்றத்தில் ஒரு பாதை போட்டிருந்தார்கள். குதிரையில் ஓடி வர வேண்டும். துணிச் சுரங்கத்தில் தவழ வேண்டும். கோட்டைப் பாலம் என்று வைத்த குறுகிய பலகையில் விழாமல் நடக்க வேண்டும். நீலத் துணி விரித்த அகழியில் வட்ட வட்டமாகக் கிடக்கிற கற்களின் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். கடைசியில் நெருப்பு கக்குகிற பூதத்தின் மேல் பந்தை எறிய வேண்டும். பூதம் என்பது பச்சை பெயிண்ட் அடித்த ஃப்ரிட்ஜ் அட்டை.

நம்மிடம் இல்லாத குதிரை வீரர்களா, எதற்கு இந்த வெள்ளைக்கார வேஷம் என்று முதலில் முணுமுணுத்தேன். ஆனால் தாருவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவள் பாத்ரூமுக்குக் கூடக் குதிரையில்தான் போனாள். அழைத்தால் திரும்பாத பெண், "வீராங்கனையே, ஊட்டாக்கு வா" என்றால் வந்தாள். ஊட்டா என்றால் இங்கே சாப்பாடு. அவள் இப்போது பசியைக் கன்னடத்திலும், கோபத்தை ஆங்கிலத்திலும், வலியை மட்டும் தமிழிலும் சொல்கிறாள். அந்த ஒன்றாவது மிச்சமிருக்கிறதே என்று இருக்கிறேன்.

எனக்கு அந்த ஓட்டம் பிடித்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. ஊரில் நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியடு வந்தால் பையன்கள் மைதானத்துக்குப் போவார்கள். பெண்கள் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் வரிசையாக உட்காருவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு முறை நான் கேட்டேன். "நீ ஓடி என்னத்த சாதிக்கப் போற, உக்காரு" என்றார் பி.டி. சார். உட்கார்ந்தேன். எட்டு வருஷம் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் முதன்முதலாக மூச்சுத் திணற ஓடியது பெங்களூரில், லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பஸ் போய்விட்டது. ஆனால் ஓட முடிகிறது என்று தெரிந்தது.

ஆகவே ஊரைப் பற்றி உருகி எழுதப் போகிறேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே என்னை உட்கார வைத்தார்கள். இங்கே என் மகளை உட்கார வைக்கிறார்கள். சனிக்கிழமை பெற்றோர் முன்னால் நடக்கிற நைட்ஸ் தினத்தில் உதவிக் குழுவுக்கு என்ன வேலை என்று தாளின் பின்பக்கத்தில் இருந்தது. கோட்டை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து கொடி பிடிக்க வேண்டும்.

3

மறுநாளே பள்ளிக்குப் போனேன். எனக்கு ஒரு முடிவு தயாராக இருந்தது: மொழிதான் காரணம். ஆங்கிலத்தில் விரட்டியிருப்பார்கள், குழந்தை புரியாமல் நின்றிருப்பாள், அதைக் கால் கோளாறு என்று எழுதிவிட்டார்கள். 'இதர' கட்டத்துப் பிள்ளை என்றால் இளக்காரமா? லேபிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மூன்று மொழியில் சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

கோ-ஆர்டினேட்டர் மேடம் என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும், மைசூர்ப் பக்கம். குரலை உயர்த்தவே மாட்டார். குரலை உயர்த்தாதவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "இது குறை இல்லை மேடம், முன்கூட்டியே கவனிப்பது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். குழந்தைக்கு எல்லாக் கட்டளையும் புரிகிறது, ஆங்கிலத்தில் அவளுக்குப் பச்சை நட்சத்திரம் என்று காட்டினார். என் முதல் ஆயுதம் அங்கேயே விழுந்தது.

கோபத்தில் கன்னடத்துக்குத் தாவினேன். என் கன்னடம் ரத்தம் எடுக்கிற கன்னடம். "கை சாச்சி, முஷ்டி மாடி, ஆய்த்து" என்று கையை நீட்டச் சொல்லவும், மடக்கச் சொல்லவும், முடிந்தது என்று சொல்லவும் வரும். சண்டைக்கு அது போதாது. பாதியில் நின்று ஆங்கிலத்துக்கு வந்து, அதிலும் சொல் கிடைக்காமல் தமிழில் முடித்தேன்.

"மேடம், எங்க லேப்ல ஒரு ரிசல்ட் ஏடாகூடமா வந்தா உடனே ரிப்போர்ட்ல எழுத மாட்டோம். சாம்பிள சரியா எடுத்தோமான்னு மொதல்ல பாப்போம். திரும்ப ஒருவாட்டி போட்டுப் பாப்போம். நீங்க என்ன பாத்தீங்க?"

அவருக்குத் தமிழ் புரியவில்லை. அறைக்கு வெளியே நின்ற ரேச்சல் மிஸ்ஸைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். ரேச்சல் தாருவின் வகுப்பு மிஸ், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பெண், வீட்டில் தமிழ்தான். அவள் என் கோபத்தில் பாதியைக் குறைத்து ஆங்கிலத்தில் சொன்னாள். பயிற்சியாளர் நான்கு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதினார் என்று பதில் வந்தது. நான் ஒரு முறை பார்க்கிறேனே என்றேன். விளையாடும் இடத்தில் பெற்றோருக்கு அனுமதி இல்லை. கேமராப் பதிவாவது காட்டுங்கள் என்றேன். அதற்கு மின்னஞ்சலில் விண்ணப்பிக்க வேண்டும், மூன்று வேலை நாள் ஆகும், மற்ற பிள்ளைகளின் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். நான் பெற்ற பிள்ளை ஓடுவதைப் பார்க்க முப்பது பேர் சம்மதம்!

வாசலில் செருப்பு மாட்டும்போது ரேச்சல் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நாளைக்கு பத்து மணிக்கு வாங்க. சாமான் ரூம் ஜன்னல்ல இருந்து பாத்தா எல்லாம் தெரியும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

"நீ பாத்தியா ரேச்சல்? அவ ஏன் குனியறா?"

"ஷூ லேசு சரி பண்றான்னு நெனச்சேன்கா."

என் மகள் போட்டிருப்பது வெல்க்ரோ ஒட்டிய ஷூ. அதற்கு ஏது லேஸ்?

4

அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். சாமான் அறையில் உடைந்த சறுக்கு மரத்துக்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கும் நடுவே நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சொந்தக் குழந்தையைத் திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று பற்களைக் கடித்துக்கொண்டேன்.

விசில் அடித்ததும் தாரு பறந்தாள். பொய் சொல்லவில்லை. சாக்ஸ் குதிரையின் காது ஆட ஓடி, சுரங்கத்துக்குள் தலையைக் கொடுத்து, மற்றவர்கள் பாதியில் இருக்கும்போது வெளியே வந்துவிட்டாள். பலகையில் இரண்டு கையையும் விரித்து நேராக நடந்தாள். முன்னால் ஓடியவனை முந்திவிட்டாள். என்னையறியாமல் கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டேன்.

அகழி வந்தது. நின்றாள்.

நீலத் துணியின் மேல் கற்கள் என்று கிடந்தவை ஃபோம் வட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்து. ஆங்கில எழுத்து ஒன்று, கன்னட எழுத்து ஒன்று, மறுபடி ஆங்கிலம். பிள்ளைகள் சும்மா குதித்தால் வாங்குகிற ஃபீஸுக்கு என்ன பதில் என்று பெற்றோர் கேட்பார்களே, அதனால் குதிக்கிற இடத்திலும் பாடம் ஒட்டிவிட்டார்கள். தாரு முதல் வட்டத்தில் கால் வைத்தாள். உடனே குனிந்தாள். அந்த எழுத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த வட்டம். கால் வைத்தாள், குனிந்தாள், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் வந்த பிள்ளைகள் முட்டி மோதி நின்றார்கள். "மூவ் தாரிணி, மூவ்!" என்று பயிற்சியாளர் கத்தினார். அவள் அவசரப்படவில்லை. நான்காவது வட்டம் யாருடைய காலோ பட்டுக் குப்புறக் கிடந்தது, எழுத்து கீழ்ப்பக்கம் போயிருந்தது. அதன் மேல் மட்டும் குனியாமல் தாவினாள். ஐந்தாவதில் மறுபடி குனிந்தாள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. அதற்குப் பின்னால் கோபம், அடுப்பில் வைத்த பால் மாதிரி குபுகுபுவென்று.

எழுத்துள்ள காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று யார் வீட்டில் சொல்லவில்லை? உங்கள் வீட்டில் சொல்லவில்லையா? அந்த முற்றத்தில் ஓடிய பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் அந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள், என் பெண்ணுக்கு அது தெரியவில்லை. ஒரு மாதமாக ஒரு குழந்தை எல்லோர் கண் முன்னாலும் எழுத்தைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. நான்கு முறை பார்த்தார்களாம். பயிற்சியாளர் விசிலோடு பார்த்தார். ஒருவராவது பக்கத்தில் போய், "என்னம்மா பண்றே?" என்று கேட்டார்களா? பன்னிரண்டு கட்டம் போட்டவர்களுக்கு 'குழந்தையைக் கேட்டீர்களா' என்று பதின்மூன்றாவது கட்டம் போடத் தோன்றவில்லை.

லேபுக்குப் பஸ் ஏறிய பிறகுதான் அது உறைத்தது. தாள் வந்த நாளிலிருந்து நானும் அவளைக் கேட்கவில்லை.

5

அன்று சாயங்காலம் சேகரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்? ஸ்கூல்ல மட்டும் மிதிச்சுக்கோன்னு கொயந்தைக்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சிது."

சரியென்று தாருவை மடியில் வைத்துக்கொண்டேன். "தாரு, ஸ்கூல்ல அந்தக் கல்லு மேல எழுத்து இருந்தாலும் பரவால்லடா, மிதிச்சிட்டு ஓடு. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

அவள் குதிரையின் பட்டன் கண்ணைத் திருகிக்கொண்டே கேட்டாள். "அப்ப நீ ஏன் அடிச்சே?"

"எப்ப?"

"புக்கு மேல ஏறுனதுக்கு. இங்க அடிச்சே." கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினாள்.

ஆமாம், அடித்தேன். ஏழெட்டு மாதம் இருக்கும். என் பழைய நோட்டுப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் ஏறி அலமாரியைத் திறக்கப் பார்த்தாள். நான் டியூட்டி முடிந்து வந்த களைப்பில் காலில் ஒன்று போட்டு, "எழுத்தை மிதிச்சா படிப்பே வராது, தொட்டுக் கும்பிடு" என்று கத்தினேன். எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் விழுந்தது. நான் மறந்துவிட்டேன். அவள் கால் மறக்கவில்லை. பள்ளியின் மேல் இருந்த கோபத்தில் பாதியை எடுத்து என் மேல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் மீதிப் பாதி அப்படியே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா அடிச்சது தப்பு தாரு. இனிமே அடிக்க மாட்டேன்."

"சரி" என்றாள். மிதிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குதிரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மறுபடி கோ-ஆர்டினேட்டர் அறை. மொழிபெயர்க்க ரேச்சலும் இருந்தாள். ரேச்சலைக் காட்டிக் கொடுக்காமல், வீட்டில் குழந்தையே சொன்னாள் என்று விஷயத்தைச் சொன்னேன். மேடம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கலாச்சாரத்தை மதிக்கிறோம் என்றார். ஆனால் அசைவு என்றால் அசைவுதான், பாதையை முடிக்கவில்லையே என்றார். தாருவின் கோப்பை எடுத்தார். அதிலிருந்து அந்தத் தாளின் நகல் நழுவித் தரையில் விழுந்து, அவர் செருப்பு நுனி அதில் பட்டது.

அவர் சட்டென்று குனிந்து, தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ரேச்சல் சுவரைப் பார்த்தாள். நான் மேடத்தையே பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அது பழக்கம்" என்றார் ஆங்கிலத்தில்.

"என் பொண்ணுக்கும் அதேதான் மேடம்" என்றேன் தமிழில். இந்த முறை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

இதற்கு மேல் என்ன வேண்டும், தாளைக் கிழித்துவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளியின் செயலியில் ஏற்றியாகிவிட்டது, ஏற்றியதைத் திருத்த வழி இல்லையாம். திரும்பச் சோதித்தால் புதிய குறிப்பு சேர்க்கலாம். சனிக்கிழமை ஓட்டத்தையே மறுசோதனையாக வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். சரி, வட்டங்களைத் திருப்பிப் போடுங்கள், எழுத்து இல்லாத பக்கம் மேலே இருக்கட்டும் என்றேன். எழுத்து தெரிகிற புகைப்படம்தான் பெற்றோருக்குப் பிடிக்கும், அதை மாற்ற முடியாதாம். அது மட்டுமா? சனிக்கிழமை ஓடுவதற்கான அனுமதிக் கையெழுத்தும், 'குறையைப் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்கான கையெழுத்தும் ஒரே தாளில் ஒரே கோட்டின் மேல் இருந்தன. ஓட வேண்டுமென்றால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் நாற்காலியும் கொடியும்.

பேனாவை வாங்கினேன். ஒப்புக்கொள்கிறேன் என்ற வரியை நீளமாக அடித்தேன். பக்கத்தில் தமிழில், எங்கள் லேபில் எழுதுவது போலவே எழுதினேன்: 'சாம்பிள் எடுத்த விதம் தவறு. மறுபடி பார்க்கவும்.' கீழே கையெழுத்தும் போட்டேன், அதுவும் தமிழில்.

"இது என்ன எழுதியிருக்கிறது?" என்று மேடம் ரேச்சலைக் கேட்டார். ரேச்சல் படித்துச் சொன்னாள். இந்த முறை எதையும் குறைக்கவில்லை. மேடம் தாளை வாங்கி அப்படியே கோப்பில் வைத்துக்கொண்டார்.

6

சனிக்கிழமை முற்றம் முழுக்கப் பெற்றோர். எல்லோர் கையிலும் போன் உயர்ந்திருந்தது. சேகர் ஷோரூமில் சொல்லிவிட்டு வந்திருந்தார். உதவிக் குழுவில் இரண்டு பிள்ளைகள் கோட்டை வாசலில் நாற்காலியில் கொடியோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை யாராவது ஏதாவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

தாருவின் அணி கடைசி. நான்கு பேர். மேடம் பயிற்சியாளர் பக்கத்தில் டேப்லெட்டோடு நின்றார். வாயைத் திறக்கவே கூடாது என்று சேகரிடம் சத்தியம் செய்திருந்தேன்.

விசில். ஓடினாள், தவழ்ந்தாள், பலகையில் நடந்தாள். முதலாவதாக அகழிக்கு வந்தாள். நின்றாள். பன்னிரண்டு வட்டம், பன்னிரண்டு எழுத்து, எல்லாம் மேலே பார்த்துக்கொண்டு. அவள் நின்ற அந்த இரண்டு விநாடியில் எனக்கு சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகம் வந்துவிட்டது. சத்தியமெல்லாம் எங்கே போனதோ, "மிதிச்சிடு தாரு, மிதி!" என்று கத்திவிட்டேன். எழுத்தை மிதிக்காதே என்று அடித்தவளும் நானே, நூறு பேர் நடுவில் மிதி என்று கத்தியவளும் நானே.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பெரியவர்கள் இப்படித்தான் என்பது போல ஒரு பார்வை. அப்புறம் குதிரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள். ஐயோ, மறுபடி கும்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். பயிற்சியாளரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

தாரு முதல் வட்டத்தைத் தூக்கிக் குப்புறப் போட்டாள். எழுத்து கீழே போனது. அதன் மேல் ஏறி நின்று இரண்டாவதைத் திருப்பினாள். அதில் தாவி மூன்றாவதைத் திருப்பினாள். "நோ தாரிணி, டோன்ட் டச்!" என்றார் பயிற்சியாளர். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு காலில் நின்றுகொண்டு எட்டித் திருப்பினாள், இரண்டு காலையும் சேர்த்துத் தாவினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். பன்னிரண்டு முறை. உடல் அசைவுகளை வரிசையாகச் செய்வது என்றால் வேறு என்னவாம்? பின்னால் வந்த மூன்று பிள்ளைகளும், அவள் போட்டு வைத்த பாதையில் திடுதிடுவென்று ஓடி, கடைசியில் அவளை முந்திக்கொண்டு போனார்கள். ஒருத்தி போகிற போக்கில் "தேங்க்ஸ் தாரு" என்றாள். நாலாவதாக வந்த என் மகள் பந்தை எடுத்து, ஃப்ரிட்ஜ் அட்டைப் பூதத்தின் மூக்கிலேயே அடித்தாள். பூதம் மல்லாக்க விழுந்தது.

பூதம் விழுந்தபோது அத்தனை போன்களில் எடுத்த ஒரு படத்திலும் எழுத்து தெரியவில்லை.

என் பக்கத்தில் சேகர் விசில் அடித்துக்கொண்டிருந்தார். மேடம் டேப்லெட்டில் எதையோ தட்டினார். என்னைப் பார்த்தார், சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

சாயங்காலம் செயலியில் புதிய குறிப்பு வந்தது. உடல் அசைவு என்ற கட்டத்தில் பச்சை நட்சத்திரம். ஆனால் இப்போதும் ஒரு ஆரஞ்சு முக்கோணம் இருந்தது, கட்டம் மட்டும் மாறியிருந்தது. 'சொன்னதை அப்படியே செய்வதில்லை. தன் விருப்பப்படி பாதையை மாற்றிக்கொள்கிறாள். கவனம் தேவை. இந்தக் குறிப்பு எல்.கே.ஜி. கோப்பிலும் இடம்பெறும்.' கீழே பெற்றோர் ஒப்புதல் கையெழுத்துக்கான இடம்.

"மறுபடியுமா? இப்பவே போய் கேக்கலாம், நானும் வரேன்" என்று சேகர் சட்டையை மாட்டத் தொடங்கினார். இத்தனை நாளில் அவருக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

வேண்டாம் என்றேன். அந்த வரியை நான்கு முறை படித்தேன். 'உக்காரு' என்று சொன்னதும் உட்கார்ந்த ஒருத்தியின் மகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். இந்த முறை சாம்பிள் சரியாக எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட்டும் சரி.

ஒரு வரியையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.